நேர மேலாண்மை

காலை பதினொன்று இருபதுக்கு, செயலாளரின் மேசைத் தொலைபேசியில், ஒலிபெருக்கி வழியாக, ஒரு பெண்ணின் கை உடைகிற சத்தம் கேட்டது.

தினமும் பதினோரு மணிக்கு அந்த அழைப்பு வரும். பேசுகிறவர் கனிமத் துறை இயக்குநர், கேட்கிறவர் வருவாய்த் துறைச் செயலாளர். இருவரும் பெண்கள். அரசின் மேல்மட்ட அதிகாரிகள் நாற்பத்தாறு பேரில் பெண்கள் ஐந்தே பேர் என்பது யாருக்கோ ஒரு நாள் உறுத்தி, ஏற்கெனவே மேலே இருப்பவர் புதிதாக ஏறி வருபவருக்குக் கைகொடுக்க வேண்டும் என்று ஒரு திட்டம் போட்டார்கள். வழித்துணைத் திட்டம் என்று பெயர். அரசாங்கம் எதைச் செய்தாலும் அதற்கு ஒரு படிவம் வேண்டுமே! மாதா மாதம் செயலாளர் ஒரு படிவம் நிரப்பிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். பேசப்பட்ட பிரச்சினை, வழங்கிய ஆலோசனை, பலன் என்று மூன்றே மூன்று கட்டங்கள்.

படிவம் கிடக்கட்டும். இருவருக்கும் நடுவே பதினோரு வயது வித்தியாசம், ஆனால் பேச்சு அக்கா தங்கை பேச்சுதான். கூட்டத்தில் எந்த நாற்காலியில் உட்கார வேண்டும், ஆண்கள் குறுக்கே பேசினால் குரலை உயர்த்தாமல் எப்படித் தொடர வேண்டும், அமைச்சரின் உதவியாளர் 'சும்மா பார்த்துட்டுப் போக வந்தேன்' என்றால் அவருக்கு எத்தனை நிமிடம் கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தவர் செயலாளர். ஆற்றோரக் குவாரியில் கைப்பற்றிய கருங்கல் துண்டு ஒன்றை மேசை மேலேயே வைத்துக்கொள் என்றதும் அவர்தான். 'யாரு உள்ள வந்தாலும் மொதல்ல அது கண்ணுல படணும்.'

அன்றைக்கும் பேச்சு அந்தக் குவாரியைப் பற்றியதுதான்.

"ஆர்டர் ரெடி அக்கா. மத்தியானம் கையெழுத்துப் போட்டு லைசென்ஸை ரத்து பண்ணிடுவேன்."

"சாப்பிட்டுட்டுப் போடு. பசியில போட்டா கோணலா விழும்."

இயக்குநர் சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் கதவு சுவரில் மோதியது. 'மனு கொடுக்கணும்' என்று ஒருவன் சொன்னான். 'வெளியில உட்காருங்க, கூப்பிடுறேன்' என்றார் இயக்குநர். நாற்காலி ஒன்று விழுந்தது. பிறகு அதே ஆண் குரல், அவசரமே இல்லாமல்:

"கையெழுத்துப் போடுற கை இதுதானே? மேசை மேல வைடி."

ஐந்து அடி. செயலாளர் எண்ணினார். எண்ண வேண்டும் என்று நினைத்து எண்ணவில்லை, மனம் தானாக எண்ணிவிட்டது. முதல் இரண்டு அடிக்கு இயக்குநர் கத்தினார். மூன்றாவதிலிருந்து கத்தல் இல்லை, கல் மரத்தில் இறங்குகிற சத்தம் மட்டும்தான். அது எந்தக் கல் என்பது செயலாளருக்குத் தெரிந்துவிட்டது.

"டேய்! விடுங்கடா அவங்கள!"

அது இயக்குநரின் வண்டி டிரைவரின் குரல். மாடிப்படி ஏறி ஓடி வந்ததில் மூச்சிரைத்தது. இரும்பு எலும்பில் படுகிற சத்தம், யாரோ கெட்ட வார்த்தை சொல்கிறான், பல கால்கள் வராந்தாவுக்கு உருள்கின்றன. அப்புறம் ஒரு நீண்ட அலறல் கீழே போய்ச் சட்டென்று நின்றது. தொலைபேசிக்கு மிக அருகில் யாரோ மூச்சு விட்டார்கள்.

"லைன்ல யாருடி இருக்கா?" என்றான் அவன். இணைப்பு அறுந்தது.

காவல்துறைக்குச் சொல்லிவிட்டுச் செயலாளர் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று ஐம்பது. கார் கொட்டகையின் சிமெண்டுத் தரையில் டிரைவர் மல்லாந்து கிடந்தார். பின்மண்டை இருந்த இடத்தைப் பார்க்க முடியவில்லை. வண்டியின் ஜாக்கிக் கம்பி இன்னும் கையில் இருந்தது. பதினைந்து வருடம் அரசாங்க வண்டியை நாற்பதுக்கு மேல் ஓட்டாத மனிதர். 'இவர் ஓட்டினா நாம போய்ச் சேர்றதுக்குள்ள நமக்கு ரிடையர்மென்ட் வந்துடும்' என்று இயக்குநர் கேலி செய்வார். மேலே, மேசையில், ரத்து உத்தரவு முழுக்க ரத்தம். கருங்கல்லை யாரோ திருப்பி அதன் பழைய இடத்திலேயே, உத்தரவின் மேல் பாரமாக, வைத்துவிட்டுப் போயிருந்தான்.

நான்கு பேர் பிடிபட்டார்கள். நால்வரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே கதை சொன்னார்கள். வேலை போய்விடும் என்ற ஆத்திரம், யாரும் அனுப்பவில்லை, மனு கொடுக்கத்தான் போனோம், டிரைவர்தான் முதலில் கம்பியால் அடித்தார், தள்ளுமுள்ளில் அவர் தவறி விழுந்தார், மேசை கவிழ்ந்து அம்மா கை நசுங்கியது. குவாரிக்காரர் அன்றைக்கு இருந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். எண்ணூறு பேர் பார்த்திருக்கிறார்கள். அலுவலக வட்டாரத்தில் அவரை 'மாமா' என்றுதான் கூப்பிடுவார்கள். பியூனிலிருந்து அமைச்சர் வரை எல்லாருக்கும் மாமா. அப்பேர்ப்பட்ட உறவுக்காரர்.

செயலாளருக்கு உண்மை தெரியும். மூன்று மாதத்தில் மூன்று மிரட்டல் வந்திருந்தது. முதல் மாதம், பள்ளிக்கூட வாசலில் நிற்கும் இயக்குநரின் மகளைப் படமெடுத்துத் தபாலில் அனுப்பினார்கள். இரண்டாம் மாதம், ஒரு லாரி இயக்குநரின் காரைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரோடு சேர்த்து நெரித்து, இரண்டு நிமிடம் அப்படியே வைத்திருந்துவிட்டுப் போனது. மூன்றாம் மாதம் மாமாவே அலுவலக வாசலில் நின்று, சிரித்துக்கொண்டே, 'கையெழுத்துப் போடுற கையைப் பத்திரமா வச்சுக்கம்மா' என்றார். மூன்று தடவையும் இயக்குநர் புகார் எழுதினார். மூன்று தடவையும் செயலாளர் கிழிக்கச் சொன்னார்.

காரணம் இல்லாமல் இல்லை. செயலாளர் இளம் அதிகாரியாக இருந்தபோது வந்த முதல் மிரட்டலை ஒழுங்காகப் புகாராக எழுதிக் கொடுத்தவர்தான். அந்த வருட ரகசிய அறிக்கையில் மேலதிகாரி ஒரு வரி எழுதினார்: 'எளிதில் பதறுபவர். களப்பணிக்கு ஏற்றவர் அல்லர்.' அந்த ஒரு வரி எட்டு வருடம் அவரை ஆவணக் காப்பகத் தூசியில் உட்கார வைத்தது. அப்புறம் அவர் புத்தி தெளிந்தார், அல்லது தெளிந்ததாக நினைத்துக்கொண்டார். மறுபடி களப்பணிக்குத் திரும்பிய வருடம் மணல் லாரியை மறித்தபோது இரும்புத் தடியால் அவருடைய காறை எலும்பை உடைத்தார்கள். 'படியில் தவறி விழுந்ததால் இருபது நாள் விடுப்பு வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு பதவி உயர்வு ஒவ்வொன்றாக வந்தது. இப்போது தலைமைச் செயலாளர் பதவிக்கான பட்டியலில் முதல் பெயர் அவருடையது. அந்த நாற்காலியில் இதுவரை ஒரு பெண் உட்கார்ந்ததில்லை.

அதனால் அவர் கற்றுக்கொடுத்த பாடங்களில் எல்லாவற்றுக்கும் மேலான பாடம் இது: 'எல்லாத்தையும் எழுதி வை. உன்னைப் பத்தி மட்டும் எழுதாத.'

ஆனால் படிவத்தில் கட்டம் காலியாக இருக்கக் கூடாதல்லவா? 'பேசப்பட்ட பிரச்சினை' என்ற இடத்தில் மூன்று மாதமும் 'நேர மேலாண்மை' என்று எழுதினார். ஆலோசனை: 'பணிகளை முன்னுரிமைப்படுத்த அறிவுறுத்தப்பட்டது.' பலன்: 'திருப்திகரம்.' கீழே அழகான கையெழுத்து.

ஆறாம் நாள் மருத்துவமனைக்குப் போனார். இயக்குநரின் வலது கையில் ஒன்பது இரும்புக் கம்பிகள் துருத்திக்கொண்டிருந்தன. முன்பற்கள் இரண்டு இல்லை. இடது கையால் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் கையெழுத்துப் பழகிக்கொண்டிருந்தார். பக்கம் முழுக்கக் கிறுக்கல்.

"எப்படி இருக்கே?" என்று கேட்டுவிட்டுச் செயலாளர் நாக்கைக் கடித்துக்கொண்டார். உலகத்திலேயே அசட்டுத்தனமான கேள்வி அதுதான்.

"கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் திரும்ப வராதாம். டாக்டர் சொன்னாரு. நேத்து அந்த வக்கீல் வந்தான் அக்கா. விசாரணைக் கமிஷன்ல மாமா பக்கம் ஆஜராகுறவன். 'மெரட்டல் வந்துச்சுன்னு சொல்றீங்களே, எங்க எழுதிக் கொடுத்தீங்க?'ன்னு கேட்டான். நான் என்ன சொல்லட்டும்?"

"கொஞ்சம் பொறு. பட்டியல் வெளிய வரட்டும். நான் அந்த நாற்காலியில உட்கார்ந்துட்டா, உள்ள இருந்து எல்லாத்தையும் சரி பண்ணலாம். இப்ப வாயைத் திறந்தா ரெண்டு பேருமே..."

தண்ணீர் நிரம்பிய எஃகு பாட்டில் நேராக முகத்துக்கு வந்தது. புருவத்துக்கு மேல் பட்டுத் தோல் பிளந்தது. செயலாளர் சுவரைப் பிடித்துக்கொண்டார். கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது.

"இடது கை பழகிக்கிட்டு வருது," என்றார் இயக்குநர். முன்பற்கள் இல்லாத வாயில் சொற்கள் வழுக்கின. "நான் எழுதினேன் அக்கா. மூணு தடவை எழுதினேன். நீங்க கிழிக்கச் சொன்னீங்க. அந்த மனுஷனை நாலு பேரு சேர்ந்து தூக்கிப் போட்டானுங்க. இப்ப அவருதான் சண்டையை ஆரம்பிச்சாராம். பேப்பர்ல போட்டிருக்கான், படிச்சீங்களா? அவர் பொண்டாட்டி படிச்சிருப்பாங்க. போங்க. போய் உட்காருங்க உங்க நாற்காலியில."

செவிலியர் நான்கு தையல் போட்டார். எப்படிப் பட்டது என்று கேட்டதற்கு, "கதவுல இடிச்சுக்கிட்டேன்," என்றார் செயலாளர். பழக்கம் அப்படி. சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது.

வீடு திரும்பும்போது டிரைவர் ஞாபகம் விடவில்லை. லாரி நெரித்ததற்கு மறுநாள் அவர் செயலாளரின் அறை வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். 'மேடம், தப்பா நினைக்காதீங்க. போலீஸ்ல ஒரு வார்த்தை சொல்லிடலாமே' என்றார். 'நீங்க வண்டியை ஓட்டுங்க' என்று பதில் சொல்லி அனுப்பினார் செயலாளர். அன்றிலிருந்து டிரைவர் ஜாக்கிக் கம்பியைச் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார். யாரும் எழுதிக் கொடுக்காததற்கு அவர் செய்த ஏற்பாடு அது.

விசாரணைக்கு முந்தின நாள் பிற்பகலில் மாமாவே செயலாளரின் அலுவலகத்துக்கு வந்தார். கும்பிட்டார், உட்கார்ந்தார், தையலைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"பட்டியல்ல உங்க பேரு முதல்ல இருக்குன்னு கேள்விப்பட்டேன். ரொம்ப சந்தோஷம்மா. பொம்பளைங்க மேல வரணும்னு நான் எப்பவும் சொல்லுவேன்."

"விஷயத்தைச் சொல்லுங்க."

"ஒரு விஷயமும் இல்லை. நாளைக்கு நீங்க பொய்யே சொல்ல வேண்டாம். அந்த மூணு படிவம் இருக்கே, அதுல நீங்க எழுதினதை அப்படியே சொன்னா போதும். உங்க கையெழுத்துதானே?" எழுந்து மேசையைச் சுற்றி வந்தார். செயலாளரின் வலது தோளில் அன்பாகக் கை வைக்கிற மாதிரி வைத்து, கட்டை விரலால் காறை எலும்பின் மேல் தேடி, பழைய முறிவு கூடிய மேட்டைச் சரியாகக் கண்டுபிடித்து அழுத்தினார். செயலாளருக்குக் கண் இருட்டியது. "இன்னும் வலிக்குதா? அன்னைக்கு நீங்க மறிச்ச மணல் லாரி எங்கப்பாவோடதுதான். அவரு சொல்லுவாரு. 'அந்தப் பொண்ணு கெட்டிக்காரி, படியில விழுந்துட்டேன்னு எழுதிக் கொடுத்துட்டா'ன்னு."

கட்டை விரல் இன்னும் உள்ளே போனது. செயலாளர் கையில் அகப்பட்டது காகிதம் குத்துகிற நீண்ட ஊசி. யோசிக்கவில்லை. மேசை விளிம்பில் ஊன்றியிருந்த மாமாவின் இன்னொரு கையின் மேல் ஓங்கிக் குத்தினார். ஊசி சதையில் புகுந்து மரத்தில் நின்றது. மாமா ஊளையிட்டார். மூன்று கோப்புகள் கீழே சரிந்தன. ஊசியைப் பிடுங்கிக்கொண்டு, கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, வாசலில் திரும்பி நின்றார். முகம் வெளுத்திருந்தது, ஆனாலும் சிரித்தார்.

"இதையும் எழுத மாட்டீங்க. எனக்குத் தெரியும்."

அதுதான் செயலாளரைச் சுட்டது. வலியை விட, மிரட்டலை விட, அந்த நம்பிக்கை. அப்பனுக்குத் தெரிந்தது, மகனுக்கும் தெரிந்திருக்கிறது: இந்த அம்மாள் எழுத மாட்டாள். எலும்பு உடைந்த வருடமே அவர் எழுதியிருந்தால் இந்தக் குவாரி இருந்திருக்குமா, இந்த மாமா இருந்திருப்பாரா? இருந்திருக்கலாம். ஆனால் அடுத்து வருகிற பெண்ணுக்கு ஒரு காகிதமாவது இருந்திருக்கும். அவர் விட்டு வைத்தது ஒரு விடுப்புக் கடிதம். அதுவும் பொய்.

விசாரணை நடந்தது பழைய மாநாட்டுக் கூடத்தில். ஓய்வுபெற்ற நீதிபதி நடுவில், ஓரத்தில் தட்டச்சர், முதல் வரிசையில் கையில் கட்டோடு மாமா. பின்வரிசையில் இயக்குநர், பக்கத்தில் டிரைவரின் மனைவி. அந்த அம்மாள் கையில் ஆண்கள் கட்டுகிற பெரிய கடிகாரம் ஒன்று தொளதொளவென்று தொங்கியது.

தொலைபேசியில் கேட்டதைச் செயலாளர் வரிசையாகச் சொன்னார். மேசை மேல் கையை வைக்கச் சொன்ன குரல், ஐந்து அடி, அதற்குப் பிறகுதான் டிரைவர் வந்தது. வக்கீல் பொறுமையாகக் கேட்டுவிட்டு மூன்று படிவங்களை நீட்டினார்.

"முதல் மாதம் பேசப்பட்ட பிரச்சினையை வாசிங்க."

"நேர மேலாண்மை."

"ரெண்டாவது?"

"நேர மேலாண்மை."

"மூணாவதும் அதேதானா? பாவம், அந்த அம்மாவுக்குக் கடிகாரம் பார்க்கவே தெரியாது போல." கூடத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். "மெரட்டல்னு ஒரு வார்த்தை இதுல இல்லை. அப்படின்னா இந்தப் படிவம் பொய்யா? இல்ல, இப்ப நீங்க சொல்றது பொய்யா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

செயலாளர் தண்ணீர் குடித்தார். முப்பது வருடம் ஏறி வந்த படிகள் அத்தனையும் கீழே வரை தெரிந்தன. பயமாக இருந்தது, பச்சைப் பிள்ளைக்கு இருட்டில் இருக்கிற மாதிரி பயம்.

"படிவம் பொய்," என்றார். "மூணும் பொய். எழுதினது நான். கையெழுத்தும் என்னுது."

"அரசாங்க ஆவணத்துல பொய் எழுதினதா ஒத்துக்கறீங்க. அதுக்கு என்ன தண்டனைன்னு தெரியுமா?"

"பணிநீக்கம் வரைக்கும் போகலாம். விதி எண் வேணும்னா நானே சொல்றேன். அந்த விதியைத் திருத்தி எழுதின குழுவுல நானும் இருந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் நிறுத்தவில்லை. படம், லாரி, வாசலில் சொன்ன வார்த்தை என்று மூன்றையும் தேதி போட்டுச் சொன்னார். கிழிக்கச் சொன்னது தான்தான் என்றார். உடைந்த காறை எலும்பைச் சொன்னார், படியில் விழவே இல்லை என்றார். நேற்று மதியம் தோளை அழுத்திய கட்டை விரலையும், அதற்குத் தான் ஊசியால் குத்தியதையும் சேர்த்தே சொன்னார். மாமா கட்டுப் போட்ட கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். கூடத்தில் இருந்த அத்தனை கண்களும் அந்த மேசைக்கு அடியில்தான் போயின.

இறங்கி நடந்தபோது பின்வரிசையில் டிரைவரின் மனைவி எழுந்து வழியை மறித்தார். நெருங்கி வந்து ஒரு கணம் முகத்தையே பார்த்தார். பிறகு கன்னத்தில் ஓங்கி ஒரு அறை. கடிகாரத்தின் விளிம்பு பட்டுப் புருவத்துத் தையல் விட்டுப் போய், ரத்தம் தாடை வரை வழிந்தது.

"அவரு வந்து கேட்டாரே உங்ககிட்ட! போலீஸ்ல சொல்லலாம்னு கேட்டாரே! வண்டியை ஓட்டுன்னு சொன்னீங்களாமே! வீட்டுக்கு வந்து சொன்னாரு!"

இரண்டு காவலர்கள் ஓடி வந்து அந்த அம்மாளின் கைகளைப் பிடித்தார்கள். செயலாளர் கையை உயர்த்தினார்.

"விடுங்க, விடுங்க. ஒண்ணும் நடக்கல."

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று காதில் விழுந்தது. பின்வரிசையில் இயக்குநர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இதைக் குறிப்புல சேர்க்க வேண்டாம்," என்று நீதிபதி தட்டச்சரிடம் மெல்லச் சொன்னார். நல்ல மனிதர், இரக்கப்பட்டுத்தான் சொன்னார்.

"சேர்க்கணும்," என்றார் டிரைவரின் மனைவி. "நான் அடிச்சேன். நடந்துச்சு. எழுதிக்குங்க."

"ஆமா. எழுதுங்க," என்றார் செயலாளர். "அவங்க மேல எனக்குப் புகார் எதுவும் இல்லை. ஆனா நடந்ததை எழுதுங்க."

தட்டச்சர் நீதிபதியைப் பார்த்தார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் தலையசைத்தார். விசைகள் ஓடின. நேரம், பன்னிரண்டு நாற்பது. அடித்தவர், ஓட்டுநரின் மனைவி. அடிபட்டவர், வருவாய்த் துறைச் செயலாளர். காயம், இடது புருவம். அங்கே வந்து தட்டச்சரின் விரல் நின்றது.

"காரணம்னு என்ன போடட்டும்மா?"

செயலாளர் ரத்தத்தைத் துடைக்காமலே நின்றார்.

"எழுத வேண்டியதை நான் எழுத விடல," என்றார். "அப்படியே போடுங்க. நான் கையெழுத்துப் போடுறேன்."